சிங்கம் முதலில் நிற்கிறது, ஐயா

எங்கள் சேகரத்துக் குருவானவர் ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், வாலிபர் ஐக்கியத்தை நடத்துகிற அண்ணன், அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

போன மே மாத வாலிபர் முகாமின் சனிக்கிழமை சாயங்காலத்தை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் எட்டு முழ வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டிக்கொண்டிருந்தோம். நடுவில் சுருக்கம் விழுகிறது என்று ஒரு பையன் வாயில் தண்ணீரை வைத்து ஊதித் தெளித்து, நாலு மூலையையும் இழுத்து ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டான். வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் மேஜைமேல் இருந்தது. வெளியே இரண்டு படி கடலை உப்புப் போட்டு வெந்துகொண்டிருந்தது. ஐந்தரை மணிக்குப் போன் வந்தது: "அந்தப் படம் வேண்டாம். பேரிலேயே சூனியக்காரி இருக்காம்." அதற்குப் பதில் கடைசிக் காலத்தைப் பற்றிய ஒரு வீடியோவைப் போடச் சொன்னீர்கள். போட்டோம். கடலை தீர்ந்தது. பிள்ளைகளில் பாதிப் பேர் இருட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் தூங்கினார்கள்.

கோயில் வாசலில் வைத்து உங்களிடம் இதைப் பேசினேன். "பார்ப்போம்" என்றீர்கள். நம் சேகரத்தில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை இது என்பதால், ஊர்ப் பெயர் ஆள் பெயர் இல்லாமல், எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறவன் என்கிற ஒரே உரிமையில்.

உங்கள் பயத்தை நான் கேலி செய்யப் போவதில்லை. என் ஆச்சி ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்குக் கையிலிருந்த தாயத்தை அறுத்துக் கிணற்றில் போட்டவள். செய்வினை, மந்திரவாதி, குறி கேட்பது என்பதெல்லாம் அவளுக்குக் கதைப் புத்தகத்து விஷயமில்லை, பக்கத்துத் தெரு விஷயம். அந்தப் பயத்திலிருந்து அவள் வெளியே வந்ததால்தான் நான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். குறி கேட்காதே, சூனியத்தை அண்டாதே என்கிற உபாகமம் பதினெட்டாம் அதிகாரத்தை நானும்தான் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறேன்.

ஆனால் நீங்கள் நிறுத்திய படத்தின் பெயரை முழுசாகப் படித்தீர்களா? நார்னியா கதைகளின் முதல் படம் அது: சிங்கம், சூனியக்காரி, அலமாரி. சிங்கம்தான் முதலில் நிற்கிறது. நீங்கள் இரண்டாவது வார்த்தையோடு நின்றுவிட்டீர்கள். அந்தக் கதையில் சூனியக்காரி யார்? நாடு முழுவதையும் பனியில் உறைய வைத்தவள், அங்கே எப்போதும் குளிர்காலம், ஆனால் கிறிஸ்துமஸ் மட்டும் வரவே வராது என்று ஆக்கிவைத்தவள். அவளுடைய ஆட்சி எப்படி முடிகிறது என்பதுதான் கதை. சூனியக்காரி வருகிறாள் என்பதற்காக ஒதுக்குவதென்றால், சவுல் ராஜா எந்தோரில் அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீயைத் தேடிப்போன அதிகாரத்தையும் சாமுவேல் புத்தகத்திலிருந்து கிழித்துவிட வேண்டியதுதான்.

வேதத்திலேயே மரங்கள் பேசுகின்றன. அபிமெலேக்கு தன் சகோதரர் எழுபது பேரைக் கொல்லப் போய், அதில் தப்பிய கடைசிப் பிள்ளை யோதாம், கெரிசீம் மலை உச்சியில் ஏறி நின்று ஊராரைப் பார்த்துச் சொன்ன கதை அது. மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடுகின்றன. ஒலிவமரம் மாட்டேன் என்கிறது, அத்திமரம் மாட்டேன் என்கிறது, திராட்சச்செடியும் மாட்டேன் என்கிறது. கடைசியில் முட்செடி, என் நிழலில் வந்து அடையுங்கள் என்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்? ஏழு தலையுள்ள வலுசர்ப்பம் வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிறது. தாவீதிடம் நாத்தான் போனபோது கட்டளைகளை எடுத்து வாசிக்கவில்லை, ஒரு ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கதை சொன்னான். ராஜா கதைக்குள் வந்து கோபப்பட்ட பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" என்றான்.

நம் தமிழ்ச் சபையும் இப்படிப் பயந்து இருந்ததில்லை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கிறிஸ்துவைப் பாட எந்த வடிவத்தை எடுத்தார்? குறவஞ்சியை. குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்கிற அதே குறவஞ்சி. பெத்லகேம் குறவஞ்சி என்று பெயரே வைத்தார். உபாகமம் பதினெட்டு அவருக்குத் தெரியாதா? திருநெல்வேலிச் சீமையில் 1827-இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இன்னும் ஒரு படி மேலே போனார். இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு வருடம் கிடந்த ஜான் பன்யன் எழுதி 1678-இல் வந்த யாத்திரைக் கதையை எடுத்து, கம்பன் வழியில் காவியமாக்கி, இரட்சணிய யாத்திரிகம் என்று 1894-இல் கொடுத்தார். என் தாத்தா வீட்டில் அந்தக் கதையின் வசனநடைப் புத்தகம் ஒன்று இருந்தது, மோட்சப் பிரயாணம் என்று. அட்டை இல்லாத புத்தகம். ராச் சாப்பாடு முடிந்ததும் தாத்தா அதிலிருந்து வாசிப்பார். செதிலும் சிறகுமாக வழிமறிக்கிற பிசாசு, சந்தேகக் கோட்டையில் மனுஷரைப் பூட்டிவைத்து அடிக்கிற அரக்கன், கடைசியில் தன் மடியிலேயே இருந்த வாக்குத்தத்தம் என்கிற சாவியை யாத்திரிகன் கண்டுபிடிப்பது. எனக்கு அப்போது ஏழு வயது. அரக்கனுக்குப் பயந்து தாத்தாவின் வேட்டிக்குள் ஒண்டிக்கொள்வேன். அது மாயாஜாலக் கதை என்று யாரும் சொன்னதில்லை. அதுதான் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம்.

சரி, நார்னியாவுக்கு வருகிறேன்.

எழுதிய சி. எஸ். லூயிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இலக்கியம் போதித்தவர். பல வருடம் நாத்திகராக இருந்தவர். 1931 செப்டம்பரில் ஒரு ராத்திரி, கல்லூரித் தோட்டத்து நடைபாதையில், கதை எழுதுகிற டோல்கீனும் இன்னொரு நண்பரும் அவரோடு விடிய விடியப் பேசினார்கள். பழங்கதைகள் அழகான பொய்கள் என்பது லூயிஸின் கட்சி. பொய் இல்லை, அந்தக் கதைகளில் மனுஷன் ஏங்குகிற காரியம் கிறிஸ்துவில் நிஜமாகவே நடந்தது என்பது டோல்கீனின் கட்சி. சில நாள் கழித்து, அண்ணனின் மோட்டார் சைக்கிள் பக்கவண்டியில் உட்கார்ந்து லூயிஸ் ஒரு மிருகக்காட்சிசாலைக்குப் போனார். புறப்படும்போது இயேசு தேவகுமாரன் என்று நம்பவில்லை, போய்ச் சேர்ந்தபோது நம்பினேன் என்று பிறகு எழுதினார். எந்த மேடையும் இல்லை, பாட்டும் இல்லை. கதைகளைப் பற்றிய ஒரு வாக்குவாதம்தான் அவரை அந்த வாசல்வரை கொண்டுவந்தது.

நார்னியா ஏன் எழுதினேன் என்று அவர் சொன்ன காரணத்தை வாசித்தபோது, ஐயா, எனக்குத் திக்கென்றது. கிறிஸ்துவின் பாடுகளைக் கேட்டு இப்படித்தான் உருக வேண்டும் என்று சின்ன வயதில் சொல்லிச் சொல்லியே தனக்கு உருக்கம் வராமல் போய்விட்டது என்கிறார். கட்டாயம் வந்தால் உணர்ச்சி உறைந்துபோகும். அதே காரியத்தை வேறு ஒரு உலகத்தில் வைத்து, கண்ணாடி ஜன்னல் வாடையும் ஓய்வுநாள் பள்ளி வாடையும் இல்லாமல் காட்டினால் என்ன என்று யோசித்தார். ஓய்வுநாள் பள்ளி வாத்தியாராகிய எனக்கு இது நல்ல அடி. என்னுடைய நிலையும் அதுதானே! பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை வருடா வருடம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நாலாவது வார்த்தைக்குள் முதுகு வலிக்கும், ஐந்தாவதில் தாகமாயிருக்கும், ஆறாவதில் வாசலைப் பார்ப்பேன். பாடுகளைக் கேட்டு நான் அழுததே இல்லை.

ஒரு சிங்கத்துக்காக அழுதேன். 2005-இல் ஆண்ட்ரூ ஆடம்சன் எடுத்த படத்தில் அந்தக் கல்மேஜைக் காட்சி. எட்மண்ட் என்கிற பையன் சூனியக்காரி கொடுத்த மிட்டாய்க்கு ஆசைப்பட்டுக் கூடப்பிறந்தவர்களையே காட்டிக்கொடுத்துவிடுகிறான். (அந்த மிட்டாய் எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால் முதலூர் மஸ்கோத் அல்வாவைக் காட்டலாம், ஏறக்குறைய அதே வழவழப்பு. கதை நடப்பது யுத்தக் காலம். சர்க்கரைக்கு ரேஷன் போட்டிருந்த நாட்டுப் பையன் அல்வாவைக் கண்டு விழுந்துவிட்டான் என்பதில் எனக்கு அவன்மேல் பரிதாபம்தான்.) துரோகியின் உயிர் சூனியக்காரிக்குச் சொந்தம் என்பது அந்த நாட்டுச் சட்டம். அவனுக்குப் பதிலாக அஸ்லான் என்கிற சிங்கம் ராத்திரியில் தனியாகப் போகிறது. சுற்றி நின்று கூச்சல் போடுகிறார்கள். உதைக்கிறார்கள். சிங்கம் ஒரு உறுமல் உறுமினால் போதும், அத்தனை பேரும் ஓடிவிடுவார்கள். உறுமவில்லை. பிறகு கத்தியை எடுத்துப் பிடரி மயிரைச் சிரைக்கிறார்கள்.

அந்த இடத்தில்தான் எனக்கு உடைந்தது. "தன்னை மயிர்கத்தரிக்கிறவனுக்கு முன்பாகச் சத்தமிடாதிருக்கிற ஆட்டைப்போலவும், அவர் தம்முடைய வாயைத் திறவாதிருந்தார்." ஏசாயா ஐம்பத்துமூன்று. எத்தனை தடவை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வசனம்! "ஆடு" என்றே கேட்டுக் கேட்டு, வாயைத் திறக்காமல் இருந்தவர் யார் என்பதை நான் யோசிக்காமலே இருந்திருக்கிறேன். ஆடு பேசாமல் இருப்பது அதிசயமில்லை. யூதா கோத்திரத்துச் சிங்கம் பேசாமல் இருந்தது. அப்புறம் கல்மேஜைமேல் சிங்கத்தைக் கொன்றுவிட, எட்மண்டின் சகோதரிகள் இரண்டு பேர் விடிகிறவரைக்கும் அந்த உடம்புக்குப் பக்கத்தில் இருப்பதும், சூரியன் எழும்பும்போது கல்மேஜை இரண்டாகப் பிளந்து சிங்கம் உயிரோடு வருவதும். கல்லறைக்குப் போன ஸ்திரீகளை, இரண்டாகக் கிழிந்த தேவாலயத் திரைச்சீலையை, யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கு முன்னாலேயே ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. மீட்டுக்கொண்டுவந்த எட்மண்டோடு சிங்கம் தூரத்தில் ஒரு மேட்டில் நின்று பேசுகிறது. என்ன பேசியது என்று நமக்குக் கேட்பதில்லை. பிறகு மற்ற பிள்ளைகளிடம் அவனைக் கொண்டுவந்து விட்டு, நடந்தது நடந்துவிட்டது, பழையதைப் பற்றி அவனிடம் பேச வேண்டியதில்லை என்று சொல்கிறது. நம் சபையில் ஒருவன் தவறி விழுந்து எழும்பி வந்தால் என்ன செய்கிறோம்? மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொல்கிறோம், அதுவும் விவரமாக.

சிங்கத்தின்மேல் இருக்கிற பிரியம் இயேசுவின்மேல் இருக்கிற பிரியத்தைவிட அதிகமாகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். லூயிஸிடமே ஒரு தாய் 1955-இல் இதைக் கேட்டு எழுதினார். அவருடைய மகன், இயேசுவைவிட அஸ்லானைத்தான் அதிகம் நேசிக்கிறோமோ என்று பயந்து கலங்கிக்கொண்டிருந்தான். லூயிஸ் உடனே பதில் போட்டார்: பிள்ளை பயப்பட வேண்டாம், அஸ்லான் எதைச் செய்தது, எதைச் சொன்னது என்று அவன் நேசிக்கிறானோ, அதெல்லாம் இயேசு நிஜமாகச் செய்ததும் சொன்னதும்தான். 2010-இல் வந்த மூன்றாவது படத்தின் முடிவில் சிங்கமே அந்தப் பிள்ளைகளிடம், உங்கள் உலகத்தில் எனக்கு வேறொரு பெயர் உண்டு, அந்தப் பெயரால் என்னை அறிந்துகொள்ளத்தான் உங்களை இங்கே கொண்டுவந்தேன் என்கிறது. இதைவிட ஒரு ஓய்வுநாள் பள்ளி வாத்தியாருக்கு என்ன வேண்டும்?

இதுவரை சொன்னது வாத்தியார் பேச்சு. இனி என் வீட்டு விஷயம் ஒன்று.

அப்பாவுக்குச் சிறுநீரகம் போய், கடைசி இரண்டு வருடம் டயாலிசிஸில் ஓடியது உங்களுக்குத் தெரியும். வாரத்துக்கு இரண்டு நாள். காபி, கஞ்சி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது. நீங்களெல்லாம் வந்து ஜெபித்தீர்கள், நன்றி. வந்தவர்களில் சிலர் விசுவாசம் இருந்தால் சுகம் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபிறகு ஒருநாள் அப்பா என்னிடம், "எனக்கு விசுவாசம் பத்தலையோடா?" என்று கேட்டார். நாற்பது வருடம் கோயிலில் காணிக்கைத் தட்டு எடுத்த மனுஷன்.

அந்த நாட்களில் ஒரு ராத்திரி, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, தங்கை மகன் என் போனில் ஏற்றிக் கொடுத்திருந்த படத்தைப் பார்த்தேன். வார்டிலிருந்து கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று ஒரு காதில் மட்டும் இயர்போன். டோல்கீனின் மோதிரக் கதை, லார்ட் ஆஃப் த ரிங்ஸ், பீட்டர் ஜாக்சன் எடுத்த மூன்றாவது பாகம், 2003-இல் வந்து 11 ஆஸ்கர் வாங்கியது. வைத்திருக்கிறவனையே கெடுத்துவிடுகிற ஒரு மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்க ஃப்ரோடோவும் அவனுடைய தோட்டக்காரன் சாமும் மலையில் ஏறுகிறார்கள். இனி ஓரடி எடுத்து வைக்க முடியாது என்று ஃப்ரோடோ விழுந்துகிடக்கிறான். சாம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஊரில் இப்போது பூப்பூக்கிற காலம், அந்தப் பழத்தின் ருசி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறான். ஃப்ரோடோ, இல்லை சாம், சாப்பாட்டு ருசி ஞாபகமில்லை, தண்ணீரின் சத்தம் ஞாபகமில்லை என்கிறான். அன்றைக்கு மத்தியானம்தான் அப்பா, "சோத்து ருசியே மறந்துபோச்சு" என்று தட்டைத் தள்ளிவைத்திருந்தார்.

அப்போது சாம் சொல்கிறான்: இந்தப் பாரத்தை உங்களுக்காக என்னால் சுமக்க முடியாது, ஆனால் உங்களைச் சுமக்க முடியும். சொல்லிவிட்டுத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மலையேறுகிறான்.

கலாத்தியர் ஆறாம் அதிகாரம் எனக்கு ரொம்ப நாளாக ஒரு முடிச்சு. இரண்டாம் வசனம் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்கிறது. மூன்று வசனம் தள்ளி, "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்கிறது. எது சரி என்று ஒரு பையன் வகுப்பில் கேட்டபோது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தத் தோட்டக்காரன் ஒரு வரியில் இரண்டையும் சொல்லிவிட்டான். அப்பாவின் நோயை நான் வாங்கிக்கொள்ள முடியாது. அப்பாவை ஆட்டோவிலிருந்து இறக்கி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வார்டுக்குள் போக முடியும். மறுநாளும் அதற்கடுத்த மாதங்களிலும் அதைத்தான் செய்தேன். எடை குறைந்துகொண்டே வந்தார்.

நல்ல மகன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. இன்னொரு ராத்திரி அப்பா யாருக்கும் தெரியாமல் எழுந்துபோய்ச் செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டார். நான் பார்த்துவிட்டு, செம்பைப் பிடுங்கிச் சுவரில் எறிந்து, சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. தரையில் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கு ஐந்து வாரம் கழித்து, 2017-இல், போய்விட்டார். அந்தச் செம்பு இன்றைக்கும் எங்கள் வீட்டில் நசுங்கிய பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவைத்து இருக்கிறது.

இதை நான் எந்த ஜெபக் கூட்டத்திலும் சொல்லவில்லை. அந்தப் படத்தின் முடிவுதான் எனக்குத் துணையாக வந்தது. அவ்வளவு தூரம் போன ஃப்ரோடோ, எரிமலை விளிம்பில் நின்றுகொண்டு, மோதிரம் என்னுடையது, போடமாட்டேன் என்றுவிடுகிறான். தோற்றுவிடுகிறான். மோதிரத்துக்காகவே பின்னால் வந்த கோல்லும் என்கிற பரிதாபமான பிராணி பாய்ந்து அவன் விரலோடு மோதிரத்தைக் கடித்தெடுத்து, மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறது. கோல்லும் எப்படி அதுவரை உயிரோடு இருந்தது? ஃப்ரோடோவின் பெரியவர் பில்போ, பல வருடத்துக்கு முன்னால் கொல்லக் கிடைத்த வாய்ப்பில் மனமிரங்கி விட்டுவிட்டார். ஃப்ரோடோவும் வழியில் இரங்கினான். அந்த இரக்கம்தான் கடைசியில் உலகத்தைக் காப்பாற்றுகிறது, வீரம் காப்பாற்றவில்லை. ஃப்ரோடோ தோற்றுத்தான் போனான் என்று டோல்கீனே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த முடிவை விளக்க அவர் எடுத்துக்கொண்டது நாம் தினமும் சொல்கிற பரமண்டல ஜெபத்தைத்தான்: கடன்களை மன்னியும், சோதனைக்குட்படப்பண்ணாமல், தீமையினின்று இரட்சித்துக்கொள்ளும்.

(படத்தைப் பற்றி ஒரு குறை. புத்தகத்தில் கோல்லும் சந்தோஷத்தில் குதித்துத் தானாகக் கால் தவறி விழுகிறது. ஜாக்சன் அங்கே ஃப்ரோடோவை மறுபடியும் மல்லுக்கட்ட வைத்து, அந்த இழுபறியில் விழ வைத்துவிட்டார். சண்டை இல்லாமல் சினிமாக்காரர்களுக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. மோதிரம் அழிந்த நாள் புத்தகத்தில் மார்ச் 25, தேவதூதன் மரியாளிடம் வந்ததாகப் பழைய சபைகள் ஆசரிக்கிற நாள். அதுவும் படத்தில் இல்லை.)

இன்னொன்று. ஃப்ரோடோ ஊருக்குத் திரும்பியும் குணமாகவில்லை. பழைய காயம் வலித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் கப்பலேறிப் போகிறான். துறைமுகத்தில் நண்பர்கள் அழும்போது, அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த கிழவர் காண்டால்ஃப், அழாதீர்கள் என்று சொல்லமாட்டேன், எல்லாக் கண்ணீரும் கெட்டதில்லை என்கிறார். அப்பாவின் அடக்கத்தன்று என் அம்மாவிடம் எத்தனை பேர், "அழக்கூடாது, கர்த்தர்கிட்ட போயிருக்காங்க" என்றார்கள் என்று எண்ணினேன். இயேசு கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதிவைத்திருப்பதை ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கும் அது அந்தக் கிழவர் வாயிலிருந்து கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஐயா, அந்த மோதிரக் கதை மந்திரத்தைக் கொண்டாடுகிற கதை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதிகாரத்தைப் பற்றிய கதை அது. காண்டால்ஃபிடம் மோதிரத்தை நீட்டும்போது அவர் பயந்து பின்வாங்குகிறார். நல்லது செய்ய வேண்டும் என்கிற ஆசையில்தான் அதை உபயோகிப்பேன், அங்கேதான் கெடும் என்கிறார். போரோமிர் நல்ல வீரன், தன் ஜனத்தைக் காப்பாற்றத்தான் மோதிரம் கேட்கிறான். ஊழியத்துக்காகத்தானே என்கிற மாதிரி. போன சேகரத் தேர்தல் முடிந்து இத்தனை நாளாகியும் ஒரே பெஞ்சில் உட்காராத இரண்டு குடும்பங்கள் நம் கோயிலில் இருக்கின்றன. வாலிபருக்கு இந்தப் படம் வேண்டாம் என்றால், கமிட்டிக்காவது ஒருநாள் போட்டுக் காட்டலாம். கோபப்படாதீர்கள், கடந்த கமிட்டியில் நானும் இருந்தேன்.

எல்லா மாயாஜாலப் படத்தையும் கோயில் மண்டபத்தில் போடு என்று நான் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகள் பார்த்தால் ராத்திரி படுக்கையில் அலறுகிற படங்கள் உண்டு. ரத்தத்துக்காகவே எடுத்தவை உண்டு. ஹாரி பாட்டரைப் பற்றி உங்களோடு சண்டைக்கு நான் தயாராக இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்தக் கதையின் கடைசிப் புத்தகத்தில் பையன் தன் அப்பா அம்மாவின் கல்லறைக்குப் போகிறான், கல்லில் "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்கிற பவுலின் வசனம்தான் வெட்டியிருக்கிறது.

என்னை மாதிரி ஆட்களிடமிருந்தும் இந்தப் படங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு வருடம் பெரிய வகுப்புக்கு ஒரு தாள் தயார் செய்தேன். இடது பக்கம் படத்தின் பாத்திரம், வலது பக்கம் வேதத்தின் ஆள், கோடு போட்டுப் பொருத்துக. காண்டால்ஃபுக்கு நேராக இயேசு. ஒரு பையன் கையைத் தூக்கி, "சார், அப்ப இயேசுவும் காண்டால்ஃப் மாதிரி சுங்கான் குடிப்பாரா?" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் கேட்டதில் தப்பில்லை, தாளில்தான் தப்பு. தன் கதையை உருவகம் என்று யாராவது சொன்னால் டோல்கீனுக்கே பிடிக்காது. காண்டால்ஃபைத் தேவதூதன் மாதிரி என்று வேண்டுமானால் ஒத்துக்கொள்வார். கத்தோலிக்க விசுவாசம் கதைக்குள் ரத்தம் மாதிரி ஓடினால் போதும், மேலே பச்சை குத்த வேண்டாம் என்று நினைத்தவர். அந்தத் தாளை அன்றைக்கே கிழித்துப் போட்டேன். இப்போதெல்லாம் படம் முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்பேன்: எந்த இடத்தில் உனக்குத் தொண்டை அடைத்தது? அதற்குமேல் அவர்களே பேசுவார்கள். வீட்டில் அப்பா குடிப்பதைப் பற்றி, தோற்றுப்போன பரீட்சையைப் பற்றி, தம்பியிடம் பேசாமல் இருப்பதைப் பற்றி. கடைசிக் கால வீடியோ முடிந்து வெளியே வந்தவர்கள் என்னிடம் கேட்டது, "சார், பஸ் எத்தனை மணிக்கு?"

ஆகவே என் விண்ணப்பம். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் மண்டபம் காலியாகத்தான் இருக்கிறது, கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டுவிட்டேன். புரொஜெக்டர் வாடகை என் பொறுப்பு. பன்னிரண்டு வயதுக்கு மேலே உள்ளவர்கள் மட்டும். நீங்களும் கமிட்டிப் பெரியவர்களும் முன் வரிசையில் பிள்ளைகளோடு உட்காருங்கள், ரிமோட்டை உங்கள் கையிலேயே தருகிறேன். எந்த இடத்தில் மனதுக்கு ஒப்பவில்லையோ அங்கே நிறுத்துங்கள், நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். கல்மேஜைக் காட்சியில் மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள், ஐயா. அங்கே நிறுத்தினால் பிள்ளைகள் பெரிய வெள்ளிக்கிழமையோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

வேட்டி இந்தத் தடவை இஸ்திரி போட்டுக் கொண்டுவருகிறேன். கடலை மூன்று படி.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் ஓய்வுநாள் பள்ளி வாத்தியார்களில் ஒருவன்